இரைச்சல் கணக்கு

ஆவணி 2, திங்கள்

பால் நோட்டின் பின்பக்கத்திலிருந்து இதைத் தொடங்குகிறேன். முன்பக்கம் பால், தயிர், அவருடைய மாத்திரை. பின்பக்கம் இனி ரேடியோ. ஆறு நாளாக வயிறு எரிகிறது. எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் யார் மேலாவது பாத்திரத்தை எறிந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் பங்குனிக் கடைசியில் பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் பேச்சும் போயின. போடியிலிருந்து பூப்பாறை போகும் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டர். ஊர் ஊராகக் கத்தியே பிழைத்த மனிதர் இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் பேச்சும் போனபிறகு குக்கர் விசில்தான் எங்கள் வீட்டில் பேசுகிற ஆள்.

தேனி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். "ஒரே கொரல், ஒரே நேரம், தெனமும் கேக்கட்டும்மா. கூடச் சேந்து சொல்லப் பாக்கட்டும். மொத ஆறு மாசத்துல வர்றதுதான் பெரும்பாலும் வரும். நடுவுல விட்டுராதீங்க."

ஒரே குரல்தானே, என் குரல் இருக்கிறதே என்று நினைத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் படித்துப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு, பாராயணப் புத்தகம் தடுமாறாமல் படிக்கும் அளவுக்கு வந்தவள். இரண்டு மாதம் தினமும் கட்டிலோரம் உட்கார்ந்து அவருக்குச் சாமி பாட்டுப் படித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆனிக் கடைசியில் ஒருநாள் சும்மா ரேடியோவைத் திருகினேன். கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் விவசாயச் சங்கம் நடத்தும் சின்ன எஃப்எம். காலை ஏழு பத்துக்கு மஞ்சரி என்று ஒரு பெண் வருவாள். ஏலக்காய் விலை, மலைமேல் போடிமெட்டில் பனிமூட்டம் உண்டா, எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்தெந்த ஊர் வழியாக என்று வாசிப்பாள். அன்று அவள் "வணக்கம்" என்றாள். கட்டிலிலிருந்தும் "வணக்கம்" என்று ஒரு குரல் வந்தது.

கரண்டியும் கையுமாக நின்றேன். சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாமல் என்ன.

ஆடி முடிவதற்குள் பன்னிரண்டு சொல் வந்தன. எல்லாம் அவள் சொன்னால் கூடச் சேர்ந்து சொல்பவை. என்னிடம் டம்ளர் தட்டல்தான்.

இப்போது ஆறு நாளாக அவள் குரல் வர வேண்டிய இடத்தில் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம்.

ஆவணி 3, செவ்வாய்

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ரவூப் பாய் கடைக்குப் போனேன். டிவி, மிக்ஸி, ரேடியோ எல்லாம் பார்ப்பவர். அங்கே வைத்த உடனே கணீரென்று பாடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"என்ன பாய், என்னைய பொய்க்காரி ஆக்குது இது?"

"ரேடியோ நல்லா இருக்கும்மா. ஒங்க வீடு இருக்குற எடம்தான் கோளாறு. கோவிச்சுக்காம கேளுங்க."

கடைப் பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். எஃப்எம் அலை டார்ச் வெளிச்சம் மாதிரியாம். அனேகமாக நேர்கோட்டில்தான் போகுமாம். வெளியூர் ரேடியோ அலை வளைந்து நெளிந்து மலை தாண்டி வரும், இது வராது. எங்கள் தெருவுக்கு முன்னால் கரடு, பின்னால் பெரிய பாறை. கரட்டுக்கும் மலைக்கும் நடுவே ஒரு சந்து. சங்கத்து ரேடியோ அந்தச் சந்து வழியாகத்தான் இவ்வளவு நாளும் எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்ததாம்.

"அந்தச் சந்துல இப்ப என்ன நிக்குது சொல்லுங்க?"

முத்துக்கருப்பன் மஹால். நாலு மாடி. போன வாரம்தான் மேலே தகரம் போட்டார்கள்.

"கம்பி, சிமெண்டு, அதுக்கு மேல தகரம். அடுப்படிக் கதவச் சாத்துன மாதிரி ஆயிருச்சும்மா ஒங்க தெருவுக்கு."

ஆவணி 5, வியாழன்

மஹாலுக்கே போனேன். முத்துக்கருப்பன் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க கட்டடம் எங்க வீட்டு ரேடியோவ முழுங்கிருச்சுங்க."

"என்னக்கா, மஹாலு என்ன மலப்பாம்பா? ரேடியோ போனா செல்லுல பாட்டக் கேளுங்க."

"அந்த ரேடியோ செல்லுல வராது. அதக் கேட்டாத்தான் எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு வரும். டாக்டரே சொல்லிருக்காங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய? கட்டடத்த மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கவா? சட்டப்படி பிளான் வாங்கிருக்கேன். எதுல போட்டிருக்கு, ரேடியோவுக்கு வழி விட்டுக் கட்டணும்னு?"

கொத்தனார்கள் சிரித்தார்கள். அதில் அவருக்கு இன்னும் ஏறியது. "தெறப்பு விழாவுக்கு வாங்கக்கா, பந்தி உண்டு" என்றார்.

"வர்றேன். வாய் பேசாத மனுசனையும் தூக்கிட்டு வர்றேன். மொதப் பந்தியில ஒக்கார வச்சு, சாம்பாரு வேணுமா ரசம் வேணுமான்னு நீங்களே கேளுங்க. பதில் வருதான்னு பாப்போம்."

சிரிப்பு நின்றது. டீயைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் தகரத்தை எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? நானாக இருந்தாலும் சொல்ல மாட்டேன். அது கோபத்தை இன்னும் கூட்டியது.

ஆவணி 6, வெள்ளி

ரவூப் பாய் ஒரு யோசனை சொல்லியிருந்தார். பின்னால் இருக்கும் பாறையில் அலை பட்டுத் தெறித்து, வீட்டில் ஏதாவது ஒரு மூலையில் விழுமாம். "ரெண்டடி தள்ளுனா இருக்கும், இன்னும் ரெண்டடி தள்ளுனா போயிரும். பொறுமையாத் தேடுங்க."

தேடுகிறேன். வெறும் இரைச்சல் என்றால் சைபர். தெளிவு என்றால் ஐந்து.

முன் ஜன்னல் 1. கட்டில் தலைமாடு 0. கால்மாடு 0. பீரோ மேல் 1, ஏரியலைச் சுவரில் ஒட்டினால் 2, கையை எடுத்தால் 0. நானென்ன நாள் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதா?

அவர் சொல் இன்று பன்னிரண்டில் பத்து. அவள் குரல் இல்லாமல் தானாகச் சொல்லிப் பார்க்கிறார்.

ஆவணி 8, ஞாயிறு

மாடிப்படி 1. மொட்டை மாடி 2, காற்றடித்தால் 1. குளியலறை 0. அடுப்படி 0. அரிசி டிரம் மேல் 1. துவைக்கிற கல் 0.

அவருக்கு முதுகில் புண் வருகிற மாதிரி சிவந்திருக்கிறது. புரட்டிப் படுக்க வைத்து எண்ணெய் தடவினேன். மூத்திரப் பை இரண்டு முறை காலி செய்தேன். டம்ளரைத் தட்டி ரேடியோவைக் காட்டினார். "இருந்தாத்தானே போடுறதுக்கு?" என்று கத்திவிட்டேன்.

ஆவணி 9, திங்கள்

சாமி அறை ஜன்னலைத் துடைத்தேன். வேறு ஒன்றுமில்லை.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. இருபத்தொரு கொழுக்கட்டை. அவருக்குப் பூரணத்தை மட்டும் கரைத்து ஊட்டினேன்.

வீட்டில் எல்லா இடமும் சைபர்.

முந்தலுக்கு மேலே மண் சரிந்திருக்கிறதாம், ஏழே முக்கால் வண்டி இன்று போகாதாம். பாவம் ஜனங்கள், பண்டிகை நாளும் அதுவுமாக.

ஆவணி 14, சனி

ரேடியோ ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். நியாயம் கேட்கத்தான். எடுத்தது அந்த மஞ்சரியே.

"வணக்கம், சொல்லுங்கம்மா" என்றாள். போனிலும் அதே வணக்கம்.

எங்கள் தெருவைச் சொன்னேன். இரைச்சலைச் சொன்னேன். உங்கள் கோபுரத்தை இன்னும் உயரமாக நட்டால் என்ன என்று கேட்டேன்.

"எங்களுக்கு அம்பது வாட்டுக்குத்தான் அனுமதிம்மா. டவர் ஒயரமும் இவ்வளவுதான்னு கணக்கு இருக்கு. கரட்டுக்குக் கீழ இருக்கவங்க நெறைய பேரு சொல்றாங்க." பிறகு கேட்டாள்: "நீங்க எந்த நிகழ்ச்சிம்மா கேப்பீங்க?"

வாய் தவறி அவரைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, நான் வேணா வீட்டுக்கு வரட்டுமா? லீவு நாள்ல. ஐயா பக்கத்துல ஒக்காந்து நேராவே வாசிக்கிறேன். எங்கப்பாவும் பஸ்ஸுலதாம்மா இருந்தாரு, டிரைவரா."

"அதெல்லாம் வேணாம்" என்றேன். "எங்க வீட்ல நோயாளி இருக்காரு. கண்டவங்க வந்து போறதுக்கு இது மஹாலு இல்ல."

போனை வைத்துவிட்டு அடுப்படியைத் தேய்த்துக் கழுவினேன். கோபம் வந்தால் அப்படித்தான் எனக்கு.

ஆவணி 17, செவ்வாய்

அவர் சொல் ஏழு. தோண்டிமலை போய்விட்டது. பூப்பாறை போய்விட்டது. புலியூத்து பாதியில் நிற்கிறது, "புலி" வருகிறது, மிச்சம் வரவில்லை.

இட்லிக்கு ஆட்டி வைத்தேன். மாவு பொங்கி வழிந்தது.

ஆவணி 20, வெள்ளி

ரவூப் பாய் நான் கூப்பிடாமலே வந்தார். ஒயர், பைப்பு, ஏணி எல்லாம் எடுத்துக்கொண்டு. மொட்டை மாடியில் பத்தடி பைப்பு நட்டு ஏரியல் கட்டிப் பார்த்தார். மூன்று வந்தது, லாரி போனால் ஒன்று.

"இருவதடி நட்டாலும் நாலு மாடிக்குக் கீழதாம்மா நாம" என்று இறங்கி வந்தவர், வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். பாறைக்கு நேரே இருக்கும் ஜன்னலைப் பார்த்தார்.

"அது என்ன ரூம்மா? அங்க வச்சுப் பாத்தீங்களா? பாறையில பட்டு வந்தா அந்த ஜன்னல்லதான் விழணும்."

"அது சாமி அறை" என்றேன்.

"ஒரு தடவ ரேடியோவ..."

"சாமி அறைன்னு சொன்னேன்ல பாய்? அதுக்குள்ள கண்டதும் வரக்கூடாது."

என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அவர் முகம் மாறிவிட்டது. ஒயரைச் சுருட்டினார்.

"நான் உள்ள வர்றேன்னு சொல்லலம்மா. நீங்களே வச்சுப் பாருங்கன்னுதான் சொல்ல வந்தேன்."

அவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தது. அப்படி இல்லை பாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், பின்னே எப்படி என்று கேட்டிருப்பார். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கூலி வாங்கவில்லை. டீ கொடுக்கவும் தோன்றவில்லை எனக்கு.

இருபது வருஷப் பழக்கம்.

ஆவணி 24, செவ்வாய்

மூன்று. போடி, முந்தல், மெட்டு.

வணக்கம் போய்விட்டது. மதியம் ரேடியோவைக் காட்டினார், நான் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்தேன். டம்ளரை எறிந்தார். இடது கையால் எறிந்ததால் சுவரில் பட்டு என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கழுவி வைத்தேன். அதன்பிறகு தட்டவும் இல்லை.

ஆவணி 26, வியாழன்

ஒன்றும் சொல்லவில்லை. சைபர். இது ரேடியோவுக்கு இல்லை.

ஆவணி 27, வெள்ளி

ஆட்டோவில் ஏற்றித் தேனிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா படங்களைக் காட்டினார். நாய், வீடு, குடை. அவர் டாக்டரம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"ஆடியில நல்லா முன்னேறி இருந்தாரேம்மா. ரேடியோ கேக்குறாரா?"

"வீட்ல எங்கயும் எடுக்கல டாக்டர்."

"ஒரு எடத்துலகூடவா?"

"எடுக்கல."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நான் ஒளிச்சு மறைச்சுச் சொல்லலம்மா. இன்னும் ஒரு மாசம் இருக்கு. இப்படியே போச்சுன்னா, இதுதான் இவரு பேச்சுன்னு வச்சுக்கங்க."

வரும்போது ஆட்டோவில் அவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. எச்சில் ஒழுகி ரவிக்கை நனைந்தது. துடைக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் தப்புக் கணக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை.

ஆவணி ஒன்பதாம் தேதி காலை ரேடியோவும் கையுமாக வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. தீப்பெட்டி எடுக்கச் சாமி அறைக்குள் போனேன். ஜன்னலோரம் கால் வைத்ததும் இரைச்சல் அறுந்தது. "மெட்டில் லேசான பனிமூட்டம்" என்றாள் அவள். அப்படி ஒரு தெளிவு. படங்களுக்கு நடுவே நின்று பேசுகிற மாதிரி. ஐந்து. ஐந்துக்கு மேலேயே போடலாம்.

அணைத்துவிட்டேன்.

தீட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சினிமாப் பாட்டு வருகிற பெட்டியை வைக்கக்கூடாது, மூத்திரப் பையோடு மனிதரை உட்கார வைக்கக்கூடாது. இதையெல்லாம் எந்தச் சாமி என்னிடம் கேட்டது? முப்பத்தொரு வருஷமாக அந்த அறையைத் துடைக்கிறேன். ஒரு சாமியும் வாய் திறந்து வேண்டாம் என்றதில்லை. வேண்டாம் என்றது நான்.

அஞ்சு மாதமாகக் குளிப்பாட்டுகிறவள் நான். மலம் அள்ளுகிறவள் நான். தொண்டை வறளப் படித்தவள் நான். வணக்கம் மட்டும் அவளுக்கா?

அதற்குப் பிறகு தினமும் ஏழு பத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக் கேட்டேன். பேட்டரி மாற்றப் போகிறேன் என்று அவரிடம் பொய். அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். ஒன்றுமில்லை. குரல்கூடச் சாதாரணக் குரல்தான், சளி பிடித்தால் மூக்கால் பேசுகிறாள். போடி, முந்தல், புலியூத்து, போடிமெட்டு, தோண்டிமலை, பூப்பாறை. அவ்வளவுதான் வாசிக்கிறாள். இந்த மனிதர் இருபத்தெட்டு வருஷம் ஒரு நாளைக்கு நாலு தடவை கத்திய பெயர்கள். அவர் பேசியது அவளோடு இல்லை. பஸ்ஸோடு.

இது எனக்கு ஆவணி பதினைந்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் திறக்கவில்லை. இவ்வளவு நாள் மறைத்துவிட்டு இனி எப்படித் திறப்பது என்ற வெட்கம், அப்புறம் அந்த வெட்கத்தின் மேல் கோபம். அந்தக் கோபத்தைத்தான் ஊர் முழுக்கப் பங்கு வைத்தேன். மஹால்காரருக்கு ஒரு பங்கு, அந்தப் பெண்ணுக்கு ஒரு பங்கு. ஒரு பாவமும் அறியாத பாய்க்குப் பெரிய பங்கு.

நாளைக்கு முதல் வேலை.

ஆவணி 28, சனி

விடிந்ததும் ரவூப் பாய் வீட்டுக்குப் போய்த் திண்டாடித் திண்டாடிச் சொன்னேன். அன்றைக்கு ஒங்களைச் சொல்லவில்லை பாய், நான் ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்துவிடக்கூடாது என்றுதான் கத்தினேன் என்று. முழுக்கக் கேட்டுக்கொண்டார். "மொதல்ல போயி அவர ஒக்கார வைங்க. மணி ஏழாகப் போகுது" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

அவரைக் குளிப்பாட்டவில்லை, நேரமில்லை. சக்கர நாற்காலி சாமி அறைக் கதவுக்குள் நுழையவில்லை. அக்குளில் தோள் கொடுத்துத் தூக்கி, இடது காலில் நாலடி நடத்தி, ஸ்டூலில் உட்கார வைத்தேன். மூத்திரப் பையை விளக்குத் தண்டுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். அவர் படங்களைப் பார்த்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

ரேடியோவை ஜன்னல் கட்டையில், வலது ஓரத்தில் வைத்தேன். ஏரியலைப் பாதி இழுத்துப் பாறைப் பக்கம் சாய்த்தேன். திருகினேன்.

"வணக்கம்" என்றாள் மஞ்சரி.

அவர் சொல்லவில்லை. ரேடியோவைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இருபது நாளுக்கு மேலாக வீடு முழுக்க அங்குலம் அங்குலமாகத் தடவித் தேடியவள் நான், அதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தவர் அவர். இங்கே தேடவே இல்லை. ஒரே வைப்பு, ஒரே சாய்ப்பு. டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிற கண்டக்டர் அவர்.

வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. ரேடியோ ஏலக்காய் விலை சொல்லிக்கொண்டிருந்தது.

"எத்... தன..."

நான் அசையவில்லை.

"எத்தன... நாளா?"

அவர் குரல். யாரோடும் சேர்ந்து சொன்னதில்லை. முழுக்க முழுக்க அவராகக் கேட்டது.

"பத்தொம்பது" என்றேன்.

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அழுகை இல்லை, ஆத்திரம். இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார்.

"வெளிய... போ."

போனேன். அடுப்படியில் நின்றேன். கதவு திறந்தேதான் இருந்தது. ஏழு இருபதுக்கு அவள் பஸ் நேரம் வாசித்தாள். அவள் பின்னாலேயே அவர், தடுக்கித் தடுக்கி, கோபம் அடங்காத குரலில்.

இன்றைய கணக்கு: போடி, முந்தல், மெட்டு, எத்தன, நாளா, வெளிய, போ. மொத்தம் ஏழு. அதில் நாலு எனக்கு.